தேவாரத்தில் கேட்ட ‘கலா’

2007இல் வெளிவந்த ஆல்பங்களில் முதலிடம் இதற்குத்தான் என்று அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை ஓர் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தது. பாடியவர் ஈழத்துப் பெண். ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கலா’. அது அவருடைய அம்மாவின் பெயர். அதன் முக்கியமான பாட்டுகளில் முழங்குவது உறுமி. தேனி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் தேவாரத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணச் சாவுக்கும் தெருவில் இறங்கி வரும் அதே உறுமி. லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்த நாட்களில் தேவாரத்தில் அதைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிடம் நானே போட்டுக் காட்டினேன். அவர்கள் சொன்னதைப் போன்ற விமர்சனத்தை இன்றுவரை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாடகியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். மாயா என்று கூப்பிடுவார்கள், மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குப் போய், நடுவில் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்து, 1986இல் அம்மாவோடு லண்டனுக்கே அகதியாகத் திரும்பியவர். அம்மா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அப்பா ஈழப் போராட்ட இயக்கமொன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். இயக்கப் பெயர் அருளர். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரையே வைத்தார். ‘அருளர்’ பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது. அடுத்து அம்மா பெயரில் ‘கலா’.

அவரை ரெகே பாடகி என்று சொன்னால் ரெகே ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ரெகே பெற்ற பிள்ளையான டான்ஸ்ஹால் இல்லாவிட்டால் இவர் பாட்டே இல்லை. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வாரிசுகள் 1960களின் கடைசியில் ஜமைக்காவில் உண்டாக்கியது ரெகே. தாளத்தில் முதல் அடி விழவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, மூன்றாவதில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அந்தக் காலி இடத்துக்காக உடம்பு காத்திருக்கும். பிறகு வந்த டான்ஸ்ஹால் அந்தக் காத்திருப்பையெல்லாம் உதறிவிட்டு நேராகக் காலை அடிக்க வைத்தது. பாட்டும் பேச்சும் கலந்து, ஆளுயர ஸ்பீக்கரை அடுக்கித் தெருவில் போடுகிற இசை. லண்டனில் ஜமைக்காக்காரர்கள் குடியேறிய தெருக்களில் இது அன்றாடச் சத்தம். யாழ்ப்பாணத்திலிருந்து போன ஒரு சிறுமி அங்கே வளர்ந்தால் காதில் என்ன விழும்? ‘அருளர்’ கேட்டால் தெரியும்.

‘கலா’ வேறு வழியில் வந்தது. 2006இல் அமெரிக்காவில் உட்கார்ந்து பாட்டு செய்யலாம் என்று திட்டம் போட்டிருந்தவருக்கு விசா கிடைக்கவில்லை. அந்த வாசல் அடைத்ததும் ஊர் ஊராகப் போனார்: இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஸ்டூடியோவில், ஸ்விட்ச் என்ற பெயரில் இயங்கும் ஆங்கிலேயத் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து, உறுமிக்காரர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டும் அந்த உறுமியின் மேல் நிற்பவை. ‘பாய்ஸ்’ வீடியோவை ஜமைக்காவில் எடுத்தார். உறுமிக்குக் கிங்ஸ்டன் பையன்கள் ஆடுகிறார்கள்! முதல் தடவை பார்த்தபோது திரையைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல் ஜமைக்காவுக்குப் போனது 1845இல். அப்படிப் போனவர்களின் வாரிசுகள் ட்ரினிடாட்டிலும் கயானாவிலும் இன்றைக்கும் காளி கோயில்களில் தப்பு அடிக்கிறார்கள். தோட்டத்துக்கு ஆள் போன இடமெல்லாம் தோலும் கட்டையும் கூடவே போயிருக்கிறது.

எங்கள் ஊரும் தோட்டத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர்தான். தேவாரத்தில் எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் மலை. அதன் தலையில் உடும்பன்சோலை. அதைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள். சாக்குலத்து மெட்டு வழியாக நேராக ரோடு போட்டால் சீக்கிரம் ஏறிவிடலாம். அந்த ரோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ரோடு இல்லாததால் ஜீப்புகள் போடிக்குச் சுற்றிப்போய், போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். என் அம்மா அந்த ஜீப்பில் போனவர். விடியுமுன்னே கஞ்சித் தூக்குவாளியும் சாக்குத் துணியுமாகப் புறப்பட்டு, இருட்டிய பிறகு இறங்குவார். ஏலக்காய் எடுப்பது நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல. காய் பிடிப்பது தூரடியில், தரையோடு தரையாகக் கிடக்கும் சரத்தில். தூரைச் சுற்றிக் குத்தவைத்து, நகர்ந்து நகர்ந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் ஏச்சு விழும். மழைக்காலத்தில் அட்டைக்கடி தனி. அம்மாவின் விரல் நுனியில் ஏறிய கறை ஞாயிற்றுக்கிழமையிலும் போகாது.

ஜீப்பில் பாட்டு இல்லாமல் இருக்காது. எந்தப் பாட்டு என்பதில் பேச்சுக்கே இடமில்லை, இளையராஜா பாட்டுதான். தேவாரத்திலிருந்து கோம்பை போகிற ரோட்டில் அடுத்தாற்போல வருவது பண்ணைப்புரம். அங்கே பிறந்த மனிதருக்குப் போட்டியாக வேறு யார் பாட்டையும் போட்டால் ஜீப்பில் இருக்கிற அக்காமார் சும்மா விடமாட்டார்கள். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் இதே மலைத் தோட்டங்களில் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். தோட்டக்கூலிக்காகப் பாடுவது இந்தச் சரிவுக்குப் புதிதில்லை. ஜமைக்காவில் பாப் மார்லி வருவதற்கு முன்னாலேயே எங்கள் பக்கம் ஆர்மோனியத்தோடு ஒருவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்று நான் பெருமையாகவே சொல்வேன்.

எனக்கு ‘கலா’ கிடைத்தது மாமா பையன் மூலமாக. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது ஒரு சி.டி. நிறைய எம்.பி.3 பாட்டுகள் எரித்துக்கொண்டு வந்தான். நான் அப்போது கல்லூரி முதலாண்டு. முதல் பாட்டு ‘பேம்பூ பாங்கா’ ஓடத் தொடங்கியதும் ஏதோ தெரிந்த குரல் இன்னொரு அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பிடித்தது ஜீப் ஓட்டுகிற அண்ணன். புதிதாக வாங்கிப் பொருத்திய பிளேயரில் போட்டுப் பார்க்கலாம் என்று சி.டி.யைக் கேட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பாட்டு பாதி ஓடியிருக்காது.

“பாப்பா, இது காட்டுக்குயிலு. தளபதி.”

“இங்கிலீஷ் பாட்டுண்ணே இது.”

“இங்கிலீஷ் மேல கெடக்கு. கீழ ராஜாதான் கெடக்காரு. இன்னொருக்கா போடு.”

இன்னொரு தடவை போட்டதும் எனக்கும் கேட்டது. 1991இல் வந்த ‘தளபதி’ படத்தின் பாட்டுதான். துண்டாக வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டிருந்தார்கள். ‘கலா’வைப் பற்றி வந்த பெரிய பெரிய கட்டுரைகளில் ‘பேம்பூ பாங்கா’வில் எந்த அமெரிக்க ராக் பாட்டின் சாயல் இருக்கிறது என்று அலசியிருந்தார்கள். ராஜாவைக் கண்டுபிடித்தது ஒரு கிளட்சைக் காலில் மிதித்துக்கொண்டிருந்தவர். ‘பேர்ட் ஃப்ளூ’வில் இருப்பது 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டு. அதையும் அந்த அண்ணனே சொல்லிவிட்டார். பாட்டு அவருக்குப் பிடித்ததா என்று கேட்டேன். “அந்தப் புள்ளைக்கு நம்ம பாட்டு பிடிச்சிருக்கு. அதனால எனக்கும் பிடிக்குது” என்றார். ஆனால் மலையேறும்போது போடமாட்டாராம். வளைவில் ஹாரன் கேட்காது.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டியது ‘பேர்ட் ஃப்ளூ’. அதில் கோழி கத்தும், பிள்ளைகள் கூச்சல் போடும், அதன் மேல் உறுமி இறங்கும். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டார். “கோழி எதுக்குடி கத்துது?” என்றார். பறவைக்காய்ச்சல் என்று தலைப்பைச் சொன்னேன். உடனே நினைவு வந்துவிட்டது. முந்தின வருஷம் மகாராஷ்டிராவில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்து, இங்கே கறிக்கோழி விலை சடசடவென்று விழுந்தது. பயந்தவர்கள் ஒதுங்கினார்கள், எங்கள் மாதிரி வீடுகளில் அந்த மாதம் கோழிக்குழம்பு வாசம் அதிகமாகவே அடித்தது. லண்டனில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பது அம்மாவின் கேள்வி. ஆல்பத்துக்கு அவள் அம்மா பெயர் வைத்திருக்கிறாள், அந்தம்மா தையல் வேலை செய்தவர் என்று சொன்னபோது, கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, “அதை முதல்ல சொல்லணும்ல” என்றார். அப்புறம் முழுப்பாட்டையும் உட்கார்ந்து கேட்டார்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே கேட்க வேண்டியிருந்தது உறுமி வாசிக்கிறவர்களிடம். எங்கள் வீட்டில் உறுமிக்கு இரண்டே இடம்தான்: சாமி, சாவு. அதை இசை என்று யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் மேடை உண்டு, உறுமிக்கு வாசல்தான். அதை வாசிக்கிறவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த காரணம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ராஜகம்பளத்தார் தேவராட்டத்துக்கும் உறுமி உண்டு. அதற்கு மரியாதை வேறு. அதே கருவி, ஆளுக்கேற்ற மதிப்பு. ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகை பாராட்டியதால் உறுமி உயர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் காதில் அதைத் தாழ்த்தி வைத்திருந்தது என்ன என்று அந்த ஆல்பம் என்னை யோசிக்க வைத்தது.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. தேனி மாவட்டம் முழுக்க அங்கேதான் இருக்கும். அக்கினிச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் உறுமியும் பம்பையும் தவிலுமாக ஒவ்வொரு ஊர்க்காரர்களும் வருவார்கள். எங்கள் ஊரிலிருந்து போகும் செட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் வாசித்துவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் நிழலில் உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முல்லைப்பெரியாற்றில் கோடைத் தண்ணீர். போனில் ஏற்றி வைத்திருந்த பாட்டைப் போட்டு, இயர்போனை அவரிடம் கொடுத்தேன். ஒரு காதில் அவரும் இன்னொன்றில் அவர் பேரனும் வைத்துக்கொண்டார்கள்.

உறுமியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இடை சிறுத்து இருபக்கமும் தோல் கட்டிய வாத்தியம். வலது பக்கம் குச்சியால் அடிப்பது. இடது பக்கம் அடிப்பதில்லை. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்பது. அந்தத் தேய்ப்பில்தான் உறுமல். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ எழுந்து வருகிற அந்த ஒலி கைவேகத்தில் வராது, அழுத்தத்தில் வரும். பெரியவர் இயர்போனைக் காதில் வைத்ததும் இடது கை தன்னால் வளைந்து தொடையில் தேய்க்கத் தொடங்கியது. பாட்டு முடியும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டார்.

“ஒத்த ஆளு இல்ல தாயி. கூட்டமா அடிக்கிறாய்ங்க. கை பழகுன கைதான்.”

“நல்லா இருக்காய்யா?”

“அடி நல்லாருக்கு. ஆனா எடுத்த எடுப்புலயே உச்சில நிக்குது. நாங்க கீழருந்து ஏத்தி ஏத்தித்தான் போவோம். அருள் வாரவுகளுக்கு நேரம் குடுக்கணும்ல? இது யாருக்கும் நேரம் குடுக்கல.”

இதைவிடச் சரியாக ‘கலா’வைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஆல்பத்தின் பலமும் குறையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. விசா கிடைக்காமல் நாடு நாடாகப் போனவருக்கு நேரம் கொடுக்க நேரமில்லை. எல்லாப் பாட்டும் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறது. ரெகேக்காரர்கள் விடுகிற அந்தக் காலி இடம், உறுமிக்காரர் கேட்கிற அந்த ஏற்றம், இரண்டும் இதில் இல்லை. ஆல்பத்தின் பிற்பகுதியில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ வரும்போதுதான் மூச்சுவிட முடிகிறது. அது உறுமிப் பாட்டு அல்ல. லண்டனின் ‘த கிளாஷ்’ குழு 1982இல் பாடிய ஒரு பாட்டின் இழையை எடுத்துக் கட்டியது. துப்பாக்கி வெடிக்கும், பிறகு கல்லாப்பெட்டி திறக்கும். குடியேறிகளைப் பற்றி ஊரார் என்ன பயப்படுகிறார்களோ அதையே பாட்டாக்கியிருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த வெடிச் சத்தத்தை மாற்றி ஒலிபரப்பினார்கள். 2008இல் அதே பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு ஏறியது.

நான் படித்த விமர்சனங்களில் ஒன்றிலும் உறுமி வாசித்தவர்கள் பெயர் இல்லை. தயாரிப்பாளர்கள் பெயர் உண்டு, ஸ்டூடியோ உண்டு. கையை மட்டும் காணோம். இது அந்தப் பாடகிக்கு மட்டும் வைக்கிற குற்றச்சாட்டு இல்லை. நம்முடைய சினிமாப் பாட்டிலும் இதே கதைதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. “கை பழகுன கைதான்” என்று பெரியவர் கண்டுபிடித்த அந்தக் கை யாருடையது?

அப்புறம் 2009 வந்தது. பிப்ரவரியில் கிராமி மேடை. நிறைமாத வயிற்றோடு, கறுப்பு வெள்ளை உடையில் எம்.ஐ.ஏ. பாடினார். அதே மாதம் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர். ரஹ்மானும் இவரும் சேர்ந்து செய்த ‘ஓ சாயா’வும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. தேவாரத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சிலர் சொன்னார்கள், “நம்ம தமிழ்ப் பொண்ணு” என்று. அதே நாட்களில்தான் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜனவரி 29 அன்று அதை நிறுத்தச் சொல்லிச் சென்னையில் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்தார். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகளைக் காலவரையின்றி மூடினார்கள். நாங்கள் வீட்டில் இருந்தோம். எம்.ஐ.ஏ. அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஈழத்துத் தமிழர்கள் கொல்லப்படுவதைப் பற்றிப் பேசினார். அதற்காக அவரைப் புலி ஆதரவாளர் என்று திட்டினார்கள். பாட்டுக்காரிக்கு அரசியல் எதற்கு என்றும் கேட்டார்கள். பாவலர் பாடிய மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கோபமாக வந்தது. போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு ‘கலா’வை நெடுநாள் என்னால் போட முடியவில்லை. அதில் சிரிக்கிற பிள்ளைகளின் குரல் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியிருந்தது.

பின்னாளில் நிறைய மாறியது. 2018இல் சென்னையில் பா. இரஞ்சித்தின் முயற்சியில் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. பறையும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில், வாசிப்பவர்களின் முகம் தெரிய நின்றன. 2021இல் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது ஏலக்காட்டு ஜீப்பில் அதைக் கேட்காத நாள் இல்லை. தோட்டத்தில் உழைத்த பாட்டியை நினைத்துக் கட்டிய பாட்டை, தோட்டத்துக்குப் போகிறவர்கள் கேட்டார்கள். ‘கலா’வுக்கு எங்கள் ஊரில் கிடைக்காத வரவேற்பு அது. தமிழில் இருந்தது ஒரு காரணம். நேரம் கொடுத்தது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். ஒப்பாரி இழுவைக்கும் அதில் இடம் இருக்கிறது.

பெரியவர் வீரபாண்டியில் அந்தப் பாட்டைக் கேட்டதற்கு அடுத்த வருஷம் எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒன்று நடந்தது. பெரியவரின் பேரனும் அவன் கூட்டாளிகளும் செட்டில் சேர்ந்திருந்தார்கள். முளைப்பாரி புறப்படும்போது, ஏற்றமே இல்லாமல், முதல் அடியிலேயே உச்சத்தில் தொடங்கினார்கள். அவன் போனில் அந்தப் பாட்டு இருந்தது எனக்குத் தெரியும். ஏற்றிக் கொடுத்ததே நான்தான். பையன்கள் பின்னால் கூட்டம் திரண்டு ஆடியது. பெரியவர் உறுமியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். பாட்டு முடிந்ததும் பேரனைக் கூப்பிட்டு, தெருவில் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள், கோயில் வாசலுக்கு வந்துவிட்டால் கீழேயிருந்துதான் ஏற வேண்டும் என்று சொன்னார். அவனும் சரியென்றான். அன்றைக்கு முக்குத் தெரு வரைக்கும் பையன்கள் அடி. அதற்கப்புறம் தாத்தா வாரை மாட்டிக்கொண்டார்.